கும்மிடிப்பூண்டிச் சாலையில் ஒரு சேனை

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வட்டாரப் பள்ளிகளில் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் பண்டகசாலையில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். சரித்திரத்தை முறையாகப் பயின்றவன் அல்லன். ஷிப்டு முடிந்து வீடு திரும்பிய இரவுகளில், கிடைத்த புத்தகங்களைக் கிடைத்த வரிசையில் படித்தவன். இப்போது மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

சென்ற மாதம் அப்பிள்ளைகளுள் ஒருவன் கர்நாடகப் போர்களைப் பற்றிய பாடத்தை ஒப்பித்தான். அடையாறு 1746, ஆம்பூர் 1749, ஆற்காடு 1751, வந்தவாசி 1760 என்று ஒரு பிழையுமின்றிச் சொல்லி முடித்துவிட்டு, "இதுல நம்ம பக்கத்து ஊரு ஒண்ணுமே இல்ல தாத்தா" என்றான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எங்கோ அடித்துக்கொண்டார்கள், நம் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவன் எண்ணம். அவன் தந்தை நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிற அந்த நெடுஞ்சாலையின் ஓரத்திலேதான், அந்த விரோதத்தின் மிகக் கொடிய அத்தியாயங்களுள் ஒன்று தொடங்கிற்று என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன், அவன் நம்பவில்லை. புத்தகத்தில் இல்லையே என்றான். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

1780ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில், கர்னல் வில்லியம் பெய்லி என்ற ஆங்கிலப் படைத்தலைவர், ஏறத்தாழ 2,800 பேர் அடங்கிய ஒரு சேனையுடன் குண்டூர்ப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி வந்து கும்மிடிப்பூண்டியில் தங்கியிருந்தார். அந்த 2,800 பேரில் ஐரோப்பியர் இருநூற்றுச் சொச்சம். மற்றவர் அனைவரும் நம் நாட்டுச் சிப்பாய்கள். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் மைசூர் ஹைதர் அலி, எண்பதினாயிரத்திற்குக் குறையாத பெருஞ்சேனையோடு செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கியிருந்தார். சென்னையிலிருந்த சேனை முழுவதும் சென்னையிலேயே ஒன்றுகூடுவதா, காஞ்சிபுரத்தில் கூடுவதா என்ற விவாதம் எழுந்து, காஞ்சிபுரமே என்று முடிவாயிற்று. 1764இல் பக்ஸாரில் வென்றவரும், 1778இல் புதுச்சேரியைப் பிடித்தவருமான சர் ஹெக்டர் மன்றோ பரங்கிமலையிலிருந்து காஞ்சிக்குப் புறப்பட்டார். பெய்லி கும்மிடிப்பூண்டியிலிருந்து குறுக்கே நடந்து அவரோடு வந்து சேரவேண்டும் என்பது கட்டளை.

குண்டூரில் பெய்லியின் படைக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்டால், அந்தக் கேள்வியிலேயே பிரெஞ்சு–ஆங்கில விரோதத்தின் முழு முடிச்சும் இருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் தம்பியாகிய பஸாலத் ஜங், குண்டூரையும் ஆதோனியையும் ஆண்டுகொண்டு, லாலி என்ற பிரெஞ்சு அதிகாரியின்கீழ் ஒரு பிரெஞ்சுப் படையைத் தம்மிடம் வைத்திருந்தார். தங்கள் வடசர்க்கார்களுக்கு அருகே பிரெஞ்சுக்காரர் ஊன்றி நிற்பதை ஆங்கிலக் கும்பினியார் பொறுக்கவில்லை. 1779இல் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சுப் படையை விலக்கச் செய்து, குண்டூரைத் தாம் பெற்றுத் தம் படையை அனுப்பினர். விலக்கப்பட்ட லாலி சும்மா இருக்கவில்லை. பின்னர் அவர் ஹைதர் அலியிடம் வந்து சேர்ந்தார். எவரை வெளியேற்றிய இடத்தில் பெய்லியின் படை போய் நின்றதோ, அவரே அடுத்த வருஷம் பெய்லிக்கு எதிரே களத்தில் நின்றார். (வந்தவாசியில் தோற்று, 1766இல் பாரிஸ் நகரில் சிரச்சேதம் செய்யப்பட்ட கவுண்ட் லாலி வேறு, இவர் வேறு. பிள்ளைகள் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்; தாங்கள் ஒரு முறை பிரித்துச் சொல்லிவிடவேண்டும்.)

இனி ஆற்றின் கதையைச் சொல்கிறேன். ஆகஸ்டு 25ஆம் தேதி பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தார். ஆற்றில் அன்று பெரும்பாலும் மணல்தான். இறங்கி நடந்தால் கடந்துவிடலாம். படை களைத்திருந்தது போலும். வடகரையிலேயே கூடாரம் அடித்தார்கள். அன்றிரவு மேற்கே எங்கோ பெய்த மழை வெள்ளமாக இறங்கிற்று. விடிந்து பார்த்தால் இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே கலங்கல் நீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளம் வடிவதற்கு ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. செப்டம்பர் மாதம் பிறந்து இரண்டு மூன்று நாள் கழிந்த பிறகே படை ஆற்றைக் கடந்தது.

இந்த ஆற்றின் சுபாவம் தங்களுக்குத் தெரியும். வருஷத்தில் பத்து மாதம் மணலும் கோரையுமாய்க் கிடந்துவிட்டு, ஒரே இரவில் தரைப்பாலத்தை மூழ்கடித்து, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஆர்ப்பரித்து, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் கம்பெனி பஸ்களைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் ஆறு அது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி அதன் வேகத்தை மனிதன் ஓரளவு அடக்கியிருக்கிறான். 1780இல் அடக்குவார் எவருமில்லை. தண்ணீர் வடியக் காத்திருந்த அத்தனை நாளும் ஹைதருக்குக் கிடைத்த அவகாசமாயிற்று. அவர் தம் மகன் திப்புவை ஒரு பெரும் பிரிவோடு பெய்லியை மறிக்க அனுப்பினார்.

செப்டம்பர் 6ஆம் தேதி, பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பேரம்பாக்கம் இன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கடம்பத்தூர் ஒன்றியத்தில் இருக்கிறது. அவ்வூர்ப் பிள்ளைகளும் வந்தவாசியைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அன்றைய சண்டையில் எவருக்கும் தீர்ந்த வெற்றியில்லை. காஞ்சியிலிருந்து மன்றோ அனுப்பிய பிளெச்சர் என்பவர், ஏறத்தாழ ஆயிரம் பேரோடு இரவில் மறைவாக நடந்து, 9ஆம் தேதி பெய்லியிடம் வந்து சேர்ந்தார். அன்றிரவு எல்லோரும் காஞ்சியை நோக்கிப் புறப்பட்டனர். சில மணி நேரம் விடாமல் நடந்திருந்தால் மன்றோவின் பாசறையை எட்டியிருக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெய்லி வழியிலே நின்று விடியலுக்குக் காத்திருந்தார். மறுநாள், செப்டம்பர் 10ஆம் தேதி காலையில், புள்ளலூருக்கருகே திப்புவின் படையும், பின்னாலேயே வந்து சேர்ந்த ஹைதரின் முழுச் சேனையும் அவர்களைச் சூழ்ந்துகொண்டன. மைசூராரின் வாணங்கள் சீறி வந்து விழுந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பிறகு சுடுவதற்கு மருந்தில்லை. பெய்லி சரணடைந்தார். அதன் பின்னும் வெட்டு ஓயவில்லை. ஹைதரிடம் இருந்த லாலி முதலிய பிரெஞ்சு அதிகாரிகள் இடைமறித்துத் தடுத்திராவிட்டால் தாங்கள் எவரும் மிஞ்சியிருக்க மாட்டோம் என்று உயிர் தப்பிய ஆங்கிலேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். காஞ்சியில் இருந்த மன்றோ வந்து சேரவில்லை. செய்தி அறிந்ததும் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் பெய்லி 1782 நவம்பரில் இறந்துபோனார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போரைத் திப்பு சித்திரமாக எழுதுவித்திருக்கிறார். வெடிக்கும் மருந்து வண்டியும், பல்லக்கில் இருக்கும் பெய்லியும், தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஏந்திய லாலியும் அதில் உண்டு. சுற்றுலா சென்று அதைப் பார்த்து வந்த நம்மூர்ப் பிள்ளைகள், அச்சுவரில் தீட்டியிருப்பது தம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய ஒரு வயல்வெளி என்று அறியாமலே திரும்பியிருக்கிறார்கள். அந்தப் புள்ளலூரின் பழமை இன்னொன்றும் சொல்லத்தக்கது: மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு குறிக்கும் புள்ளலூரும் அதுவே.

"இது மைசூர்ப் போர் அல்லவா, இரண்டாம் மைசூர்ப் போர் என்ற தலைப்பில் அல்லவா வருகிறது, பிரெஞ்சு–ஆங்கிலப் போட்டி வந்தவாசியோடும் 1763 பாரிஸ் உடன்படிக்கையோடும் முடிந்துவிட்டதே" என்று தங்களில் சிலர் கேட்கக்கூடும். பாடத்தை அப்படி இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைத்ததனாலேதான் காரண காரியத் தொடர்ச்சி அறுந்துபோயிற்று என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஹைதருக்கு ஆங்கிலேயர்மீது பழைய மனத்தாங்கல் இருந்தது மெய்தான். 1769இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி மராட்டியர் தாக்கியபோது உதவிக்கு வரவில்லை என்பது அது. ஆனால் பொறுமையின் எல்லையை உடைத்தது மலையாளக் கரையிலிருந்த மாஹே. அந்தச் சிறு பிரெஞ்சுத் துறைமுகத்தின் வழியாகவே அவருக்கு ஐரோப்பிய ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. அது தம் பாதுகாப்பில் உள்ளது, தொடவேண்டா என்று அவர் எச்சரித்தும், 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். ஏன் பிடித்தனர்? பிரான்சோடு யுத்தம் மூண்டிருந்தது. ஏன் மூண்டது? அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசரை எதிர்த்துக் கிளம்பியிருக்க, 1778இல் பிரான்சு அவற்றின் பக்கம் சேர்ந்திருந்தது. அந்த வருஷமே அக்டோபரில் புதுச்சேரி விழுந்தது. பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயருக்குப் பகைவராகவே, 1613 முதல் ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாழ்ந்த நம் பழவேற்காடும் 1781இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அமெரிக்கச் சுதந்திரத்துக்காகப் பேரம்பாக்கத்து நெல்வயல் மிதிபட்டது என்று நான் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். பிறகு உலகப் படத்தை விரித்து விரலால் தொட்டுக் காட்டியதும் மௌனமானார்கள்.

முந்திய போர்களும் இப்படித்தான். 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்ததற்கு வேர் ஐரோப்பாவில் ஆஸ்திரிய சிம்மாசனம் பற்றி எழுந்த தகராறு. 1748இல் அது ஓய்ந்ததும், கனடாக் கரையிலிருந்த லூயிபர்க் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெற்றுக்கொள்ள, அதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயரிடம் மீண்டது. அப்பட்டணத்தில் வாழ்ந்த செட்டிகளையும் நெசவாளரையும் படகோட்டிகளையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை கவுண்ட் லாலி சென்னையை முற்றுகையிட்டார், தோற்றுத் திரும்பினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. முன்பு கடலூர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் இடித்ததற்குப் பழியாக ஆங்கிலேயர் அந்த நகரத்தையே தரைமட்டமாக்கினர். இடையில் நடந்த ஆற்காட்டு முற்றுகையும் திருச்சிராப்பள்ளி யுத்தங்களும் பாடத்தில் போதிய அளவு இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பாடத்தில் இல்லாதது சோறு. 1780 முதல் 1782 வரை ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சூழ்ந்த ஊர்களை எரித்து, ஏரிகளை உடைத்து, கால்நடைகளை ஓட்டிச் சென்றது. ஆங்கிலச் சேனைக்கு ஒரு படி அரிசியும் கிட்டக்கூடாது என்பது அவர் யுத்த தந்திரம். ஆங்கிலச் சேனாதிபதி சர் அயர் கூட் 1781 ஆகஸ்டில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தபோதும், அதே மாதம் 27ஆம் தேதி புள்ளலூர்க் களத்தில் மறுமுறை ஹைதரோடு பொருதபோதும், அவருடைய பெருங்கவலை பீரங்கியைவிட அரிசியைப் பற்றியதாகவே இருந்தது. சேனாதிபதிக்கே அரிசி இல்லையென்றால் குடியானவனின் நிலைமையைச் சொல்ல வேண்டுமா? ஊரை விட்டோடி வந்தவர்கள் சென்னையில் குவிந்தார்கள், பஞ்சம் வந்தது. அவர்களுக்குக் கஞ்சி வார்க்க வடசென்னையில் ஓர் ஏற்பாடு நடந்தது. அதுவே மணியக்காரர் சத்திரமாகி, அதனருகே பின்னர் மருத்துவமனையும் எழுந்து, இன்று ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக நிற்கிறது. நம் ஊர்க் கிழவிகள் இன்னமும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். இயந்திரத்தில் கை அகப்பட்ட தொழிலாளியை ஏற்றிக்கொண்டு நம் வண்டிகள் அந்த வாசலுக்கு எத்தனை முறை விரைந்திருக்கின்றன! அந்தப் பெயருக்குள் ஹைதர் கலாபத்தில் ஊரிழந்த நம் முன்னோரின் பசி இருக்கிறது என்று வகுப்பில் ஒரு முறை சொல்லுங்கள்; பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

வேறொரு சொல்லும் அப்படியே. நம் வட்டாரத்தில் ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ எவரும் பேசுவதில்லை. "அப்பா கம்பெனிக்குப் போயிருக்கார்" என்பதுதான் பேச்சு. அதே சொல்லைத்தான் நம் பாட்டன்மார் கும்பினி என்று உச்சரித்தார்கள். கும்பினியார் என்றால் படையும் பீரங்கியும் வரிவசூலும் உடைய ஆங்கில வியாபாரிகள். அவர்கள் துணி வாங்கிச் சேர்த்து வைத்த இடத்துக்கு அவர்கள் மொழியில் 'பாக்டரி' என்று பெயர். தமிழில் பண்டகசாலை என்றார்கள். நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்த அறையின் பெயரும் அதுதான். வடக்கேயிருந்து பெய்லியின் சிப்பாய்கள் நடந்து வந்த திசையிலிருந்தே, இன்று ஒடிசாவிலும் பீகாரிலும் பிறந்த இளைஞர்கள் கும்பல் கும்பலாக ரயிலேறி வந்து கும்மிடிப்பூண்டியில் இறங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் தங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சாலையின் கதையில் பங்கு உண்டு என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

சாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விரோதத்தை நாள்தோறும் அருகிலிருந்து பார்த்துத் தமிழிலேயே எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரி சென்று, 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக உயர்ந்து, புதுச்சேரி விழுவதற்கு நான்கு நாள் முன்பு, 1761 ஜனவரி 12ஆம் தேதி, கண்ணை மூடினார். திருவள்ளூர் மின்சார ரயில் நாள்தோறும் நின்று செல்லும் பெரம்பூர் நிலையத்தைக் கடக்கையில் நான் அவரை நினைக்காமல் இருந்ததில்லை. அவருக்குப் பின், 1778 முதல் 1792 வரையுள்ள காலத்துக்கு இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு இருக்கிறது. புதுச்சேரியின் காவல் உத்தியோகத்தில் இருந்தவர் எழுதியது. கப்பல் வந்ததும், வதந்தி பரவியதும், அரிசி விலை ஏறியதும், துரைமார் கோபித்ததும் ஆகிய எல்லாம் பேச்சுத் தமிழில் பதிந்துள்ள இத்தகைய ஏடுகள் இருக்க, நம் பிள்ளைகள் இன்னமும் ஆங்கில அதிகாரிகளின் குறிப்புகளிலிருந்து மூன்றாங்கையாகச் சுருக்கிய வரிகளைப் படிப்பது எனக்குப் பெரும் வேதனை. தங்கள் பள்ளி நூலகத்துக்கு அந்நாட்குறிப்புகளுள் ஒரு தொகுதியையேனும் வாங்கி வையுங்கள். ஒரு பக்கத்தை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.

புள்ளலூரில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. 1781 சண்டையில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பியவை, பெயர் பொறித்தவை. அந்தத் தூண்கள்மீது எனக்கு விரோதமில்லை. தூரதேசத்தில் மடிந்தவனுக்கு ஒரு கல் நாட்டியது நியாயமே. ஆனால் பெய்லியோடு வந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களுள், திப்புவின் குதிரை வீரர்களுள், லாலியின் பீரங்கியை இழுத்த மாட்டுக்காரர்களுள் ஒருவனுக்கேனும் ஒரு செங்கல் அங்கே இல்லை. நான் முதன்முறை அங்கே போனபோது நடவு முடிந்திருந்தது. வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாள் வந்து, "என்ன தேடுறீங்க ஐயா?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க மாமனார் காலத்துல உழுறப்ப இரும்புக் குண்டு கிடைக்கும்னு சொல்லுவாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள் இது. வரும் செப்டம்பர் 10ஆம் தேதியன்றோ, அதையடுத்து வரும் சனிக்கிழமையன்றோ, தங்கள் வகுப்பிலிருந்து ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். காலை ஏழு மணிக்குத் திருவள்ளூர் பஸ் நிலையத்தில் நான் காத்திருப்பேன். பேரம்பாக்கத்தில் இறங்கி, ஆற்றைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து புள்ளலூர் வரை பஸ் உள்ள இடத்தில் பஸ்ஸிலும், இல்லாத இடத்தில் நடந்தும் போவோம். உலகப் படம் ஒன்றும், வெயிலுக்கு மோரும் நான் கொண்டுவருகிறேன். பிள்ளைகள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துவந்தால் போதும். வழியில் எதிர்ப்படும் பெரியவர்களிடம் அவர்களே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற பண்டகசாலைக் கணக்கர்,
கும்மிடிப்பூண்டி